போகிறேன் என்னும் பட்டன்

...எதிர்பார்க்கும் முடிவு என்ற கட்டத்தில் என்னத்தை எழுதுவது, காலையிலிருந்து இதே வரியில்தான் கர்சர் மினுக்கிக்கொண்டிருக்கிறது, மதியச் சாப்பாட்டுக்கு முன்னாலும் இங்கேதான், காபிக்கு அப்புறமும் இங்கேதான், இப்போது கம்பெனி பஸ்ஸில் மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு பார்த்தாலும் அதே இடம்... எந்த வேலையும் முடியும், இல்லாவிட்டால் முடியாது, இந்த டெஸ்ட் பிளான் மட்டும்தான் முடிந்துவிட்ட முகத்தை வைத்துக்கொண்டு முடியாமலேயே இருக்கும். செங்கல்பட்டில் இறங்குவதற்குள் அனுப்பிவிடு சங்கரி என்று ராமானுஜம் சொல்லிவிட்டார், அவர் மேனேஜர், அவருக்கு மேலே ஒருவர் கேட்கிறாராம், அவருக்கும் மேலே ஒருவர் கேட்கிறாராம், கடைசியில் அவசரம் யாருக்கு என்று ஒருத்தருக்கும் தெரியாது. மற்றதெல்லாம் பாஸ். இந்த ஒரு வரியையும் எழுதி, ஒப்புதல் என்று போட்டு அனுப்பிவிட்டால் திங்கட்கிழமை எல்லா மீனவக் குப்பங்களிலும் செயலி இறங்கிவிடும், நான் வீட்டுக்குப் போய் இருக்கிற சோற்றில் தயிரை ஊற்றித் தின்றுவிட்டுப் படுக்கலாம். படுக்க வேண்டும். கண்ணுக்குள் மணல் விழுந்த மாதிரி உறுத்துகிறது. பக்கத்து சீட்டில் ஹெலன் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறாள், என் குழுவில் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகாத பெண், சிறுசேரி கேட்டைத் தாண்டுவதற்குள் எப்படித்தான் தூக்கம் வந்து விழுகிறதோ இவளுக்கு, பார்க்கப் பார்க்க எனக்கு வயிற்றெரிச்சலாக இருக்கிறது.

செயலி என்னவோ சின்னதுதான். மீன் பிடிக்கக் கடலுக்குப் போகிறவர்களுக்காக ஒரு தொண்டு நிறுவனம் செய்யச் சொன்னது. திரையில் இரண்டே இரண்டு பட்டன்கள், போகிறேன், வருகிறேன். படகைத் தள்ளும்போது போகிறேன் என்பதை அமுக்கினால் கரை அலுவலகத்துத் திரையில் அந்தப் படகு சிவப்புப் புள்ளியாகிவிடும், திரும்பி வந்து வருகிறேன் என்பதை அமுக்கினால் பச்சையாகிவிடும். காற்று, மழை என்று எச்சரிக்கை வந்தால் சிவப்பாக இருக்கிற படகுகளைத் தேடி ரோந்துப் படகு கிளம்பும். அவ்வளவுதான். குழந்தைக்குக்கூடப் புரியும் என்று ராமானுஜம் பெருமையாகச் சொன்னார், புறப்பாடு, வருகை என்றெல்லாம் ரயில்வே ஸ்டேஷன் மாதிரி வைக்காமல் அவர்களே பேசுகிற மாதிரி வைத்திருக்கிறோம் பாருங்கள் என்றார், நாங்களும் தலையாட்டினோம். போகிறேன் அமுக்கினால் சிவப்பாகிறதா, ஆகிறது, பாஸ். வருகிறேன் அமுக்கினால் பச்சையாகிறதா, ஆகிறது, பாஸ். ஈரக்கையால் அமுக்கினால், பாஸ், பேட்டரி போகும் நேரத்தில் அமுக்கினால், பாஸ், ஹெலன் இதற்காக ஆபீஸ் கழிவறையில் போய்க் கையை நனைத்துக்கொண்டு வந்து அமுக்கினாள். எதையெல்லாம் சோதிப்போம், எதையெல்லாம் சோதிக்க மாட்டோம், எப்போது போதும் என்று நிறுத்துவோம், எல்லாவற்றையும் அழகாக எழுதி வைத்திருக்கிறேன். யாருக்காக என்ற இடத்தில் பதினெட்டு வயதைத் தாண்டிய, போன் வைத்திருக்கிற மீனவர் என்று எழுதியிருக்கிறேன். நன்றாகத்தான் இருக்கிறது. படித்தால் எனக்கே என் மேல் மரியாதை வருகிறது.

இந்த ஒரு வரிதான் தொண்டையில் முள். போகிறேன் என்பதை அமுக்காமலே வருகிறேன் என்பதை அமுக்கினால்? கடலுக்கே போகாத படகு எப்படித் திரும்பி வரும், யார் அப்படி அமுக்கப்போகிறார்கள் என்று நினைத்தேன், ஆனால் குப்பங்களில் கொடுத்துப் பார்த்த சோதனையில் பாதிக்கு மேல் இப்படித்தான் வந்திருக்கிறது, வருகிறேன், மறுநாள் வருகிறேன், அதற்கடுத்த நாளும் வருகிறேன், போகவே இல்லை, வந்துகொண்டே இருக்கிறார்கள். ஏற்கெனவே பச்சையாக இருக்கிற புள்ளி பச்சையாகவே இருக்கும், டிங் என்று ஒரு சத்தம், நன்றி என்று ஒரு வார்த்தை, முடிந்தது. இதெல்லாம் யூசர் எரர் சங்கரி, அவர்களுக்குப் பழக்கமில்லை, ஒரு பயிற்சி வகுப்பு வைத்தால் சரியாகிவிடும், நீ எதிர்பார்க்கும் முடிவு என்பதில் ‘ஒன்றும் நடக்கக் கூடாது’ என்று போட்டு மூடு என்கிறார் ராமானுஜம். ஒன்றும் நடக்கக் கூடாது, ஒன்றும் நடக்கவில்லை, பாஸ். போட்டுவிடலாம்தான். ஏன் போடவில்லை? அவர்கள் என்ன போனை அறியாதவர்களா, என் தம்பி தீனா படகில் உட்கார்ந்து வீடியோ எடுத்துப் பாட்டுச் சேர்த்துப் போடுகிறவன், அவன் இரண்டு பட்டனில் ஒன்றைத் தப்பாக அமுக்குவானா? கேளம்பாக்கம் வந்துவிட்டது. மேம்பால வேலை என்று பாதி ரோட்டை அடைத்து வைத்திருக்கிறார்கள், பஸ் நகரவில்லை, நகராவிட்டால் நல்லது, யோசிக்க நேரம் கிடைக்கும், இல்லை, நகரட்டும், யோசித்து என்ன ஆகப்போகிறது.

தீனா மதியம் போன் பண்ணினான். கடப்பாக்கம் குப்பத்தில் என் பிறந்த வீட்டில் இப்போது அவனும் அவன் பெண்டாட்டி ஷீலாவும் குழந்தையும்தான். ஞாயித்துக்கெழம பாப்பாவுக்குக் காது குத்துக்கா, அத்தக்காரி நீ வராம எப்டி, மொத நாளே வந்துடணும் இன்னா, மாமாவுக்கு ஷிஃப்ட்டுனு சாக்கு சொல்லாத என்றான், என் வீட்டுக்காரருக்கு மறைமலைநகர் கம்பெனியில் ஞாயிற்றுக்கிழமையும் வேலைதான், அதைச் சொன்னால் இவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வான், சரிடா பார்க்கிறேன் என்றேன். செயலியை அவன் போனில் போட வைத்ததே நான்தான், உன் ஆப்புதானேக்கா, ஒனக்காக அமுக்கறேன் என்று போட்டுக்கொண்டான், அவனைப் பார்த்து மற்றவர்களும் போட்டுக்கொண்டார்கள். மதியமும் கேட்டேன், அமுக்குறியாடா ஒழுங்கா? டெய்லி அமுக்கறேன்கா, அமுக்காம போட்ட எடுக்கறதே இல்ல, பச்சையா வருது, டிங்குனு சத்தம் வருது, சூப்பரா கீது என்றான். பச்சையா வருது... அப்போது எனக்குக் காதில் விழுந்தது, மண்டைக்குள் போகவில்லை, ஒரு பக்கம் ராமானுஜம் மெயில் மேல் மெயிலாக அனுப்பிக்கொண்டிருந்தார், நான் ம் ம் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். கூடப் பிறந்தவனோடு பேசுவதுகூட ஒரு வேலை மாதிரி ஆகிவிட்டது, சீக்கிரம் முடிந்தால் போதும் என்று தோன்றுகிறது, இப்படி ஆகிவிட்டேனே என்று துக்கமாக இருக்கிறது, துக்கப்படக்கூடத் தெம்பில்லை.

திருப்போரூர் வந்ததும் ஹெலன் திடுக்கிட்டு விழித்தாள், பையைத் தேடினாள், செருப்பைத் தேடினாள், துப்பட்டா சீட்டில் மாட்டிக்கொண்டது, அதைப் பிடுங்கிக்கொண்டு, "வரேன்க்கா" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். பின் சீட்டுக்காரரும் டிரைவரிடம், "வரேண்ணா" என்று சொல்லிவிட்டுப் போனார். முன்னால் உட்கார்ந்திருந்த அம்மாவும் வரேன் என்றுதான் சொல்லிவிட்டுப் போனார். போனார்கள். எல்லோரும் வரேன் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்... பஸ் கிளம்பிவிட்டது. என் விரல் கீபோர்டின் மேல் அப்படியே நின்றுவிட்டது.

போறேன் என்று யார் சொல்வார்கள்? சண்டை போட்டுக்கொண்டு மூட்டையைக் கட்டுகிறவள் சொல்வாள், இனிமேல் இந்த வாசலை மிதிக்க மாட்டேன் என்கிறவன் சொல்வான், மற்றபடி எந்த வீட்டில் எந்த மனுஷன் போறேன் என்று சொல்லிவிட்டுப் படியிறங்குகிறான்? டாக்டரிடம் போனாலும் வரேன், துக்க வீட்டில்தான் சொல்லாமல் கிளம்புவோம். கடலுக்குப் போறோம், தொழிலுக்குப் போறோம் என்று மற்ற நேரத்தில் ஆயிரம் தடவை பேசுவார்கள், ஆனால் படகைத் தள்ளுகிற அந்த நேரத்தில் அந்த வார்த்தை வாயில் வராது, எங்கே போறே என்று எதிரில் வந்து கேட்டவனை அப்பா பார்த்த பார்வை எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்துக்கு ஓடுகிற அவசரத்தில் போறேம்மா என்று சொல்லி அம்மாவிடம் நானே வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். அப்படிப்பட்டவர்களிடம், முழங்கால் தண்ணீரில் நின்று படகைத் தள்ளிக்கொண்டிருக்கிற நேரத்தில், ஒரு பட்டனில் போகிறேன், ஒரு பட்டனில் வருகிறேன் என்று எழுதி நீட்டினால் எதை அமுக்குவார்கள்? சத்தமாகச் சொல்லிக்கொண்டே அமுக்குவார்கள், வரேன்! திரும்பி வந்த பிறகு எதையும் அமுக்க மாட்டார்கள், அதுதான் வந்தாச்சே, அப்புறம் எதற்கு ஒரு பட்டன்? தப்பு அவர்களிடம் இல்லை, யூசர் எரர் இல்லை, ஒரு எரரும் இல்லை, அவர்கள் சரியாகத்தான் அமுக்கியிருக்கிறார்கள். ராமானுஜத்துக்கும் தமிழ்தான், ஹெலனுக்கும் தமிழ்தான், எனக்கும் அந்தக் கரைதான், ஒருத்தருக்கும் தோன்றவில்லையே... எப்படித் தோன்றும், ஏசி அறையில் நாற்காலியில் உட்கார்ந்து ஆயிரம் தடவை போகிறேன் அமுக்கினோம், அமுக்கிய நேரத்தில் ஒருத்தரும் எங்கேயும் போகவில்லை.

அப்படியானால் தீனா... கரை அலுவலகத்துத் திரையை லேப்டாப்பில் திறந்தேன். கடப்பாக்கம் முழுக்கப் பச்சை. தீனா, பச்சை, கரையில் இருக்கிறார் என்று காட்டுகிறது. கடைசியாக அமுக்கியது வருகிறேன், கொஞ்ச நேரத்துக்கு முன்னால்தான். அவனுக்குப் போன் போட்டால் தொடர்பு எல்லைக்கு வெளியே என்கிறது. ஷீலாவுக்குப் போட்டேன், எடுத்ததும் போயிட்டானா என்று கேட்க வாய் திறந்தேன், அந்த வார்த்தை வரவில்லை, பார், எனக்கே வரவில்லை, "தம்பி வூட்டுல கீறானா ஷீலா?" என்றேன்.

"இல்ல அண்ணி, அப்பவே கெளம்பிட்டாரு. நம்ம ஆளுங்க அல்லாரும்தான். காத்து வருதுனு இப்பதான் மைக்குல சொல்லிகினு போறாங்க, இவங்க கெளம்புனதுக்கு அப்பறமா சொல்றாங்க பாரு. இன்னா அண்ணி, கொரலு ஒரு மாதிரி கீது?"

ஒன்றுமில்லை, யார் யார் கிளம்பியிருக்கிறார்கள் என்று மட்டும் கேட்டுச் சொல்லு என்றேன். அவள் பக்கத்தில் நின்ற மீனாட்சி அக்காவையும் கேட்டுக் கேட்டு ஒவ்வொரு பெயராகச் சொன்னாள், நீலமேகம் மாமா, தனகோடி அண்ணாத்த, மணி, அருணகிரி... மீனாட்சி அக்கா நீலமேகம் மாமாவின் மனைவி, நான் கேட்கிறேன் என்று தெரிந்ததும் போனை வாங்கி, "இன்னா பாப்பா, ஆபீஸ்ல இருந்துகினு இதெல்லாம் கேக்குற, எதுனா சேதியா?" என்றார். ஒன்றும் இல்லக்கா என்றேன். வெளியே ரோட்டோரத்து மரங்கள் ஒரே பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து எழுந்தன, ஜன்னலை மூடச் சொல்லி யாரோ சத்தம் போட்டார்கள்.

கரை அலுவலகத்தில் உட்கார்ந்து திரையைப் பார்க்கிறவர் ஏசுபாதம் என்று ஒருவர். அவருக்குப் போட்டேன். "ஸ்கிரீன்ல அல்லாம் பச்சையா கீது மேடம், ஒரு போட்டும் வெளிய இல்ல, அதான் வூட்டுக்குக் கெளம்பிகினு கீறேன்" என்று நிம்மதியாகச் சொன்னார். கிளம்பாதீங்க என்று நான் கத்திய கத்தலில் பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. விஷயத்தைச் சொன்னேன், புரிந்துகொண்டார், புரிந்தும், "மேடம், நான் வாயால சொன்னா ரோந்து போட்டு வராது, ஸ்கிரீன்ல செவப்பு காட்டணும், நீங்க உள்ளேர்ந்து மாத்த முடியுமா, நான் லைன்லயே கீறேன்" என்றார். முடியும். எந்தப் படகின் பெயரிலும் பட்டன் அமுக்க எனக்கு அனுமதி இருக்கிறது, சோதனைக்காகக் கொடுத்தது. இருங்க என்று சொல்வதற்குள் ராமானுஜம் நடுவில் வந்துவிட்டார், ஏசுபாதத்தைக் காத்திருக்க வைத்துவிட்டு எடுத்தேன்.

"அனுப்பிட்டியாம்மா?"

"இல்ல சார். அனுப்ப மாட்டேன். நீங்க வீட்டுலேர்ந்து கெளம்பும்போது இன்னா சார் சொல்லிட்டுக் கெளம்புவீங்க?" அவரிடம் பேசும்போது என்ன என்றுதான் என் வாயில் வரும், இன்று இன்னா வந்துவிட்டது.

"இது என்ன கேள்வி? வரேன்னுதான்..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். பிறகு மெதுவாக, "ஆனா எல்லாக் கேஸும் பாஸ் ஆச்சேம்மா" என்றார். பாவமாக இருந்தது அவர் குரலைக் கேட்க, அவரும் களைத்துப்போன மனுஷன்தான். பாஸ்தான் சார் என்று சொல்லி வைத்துவிட்டு ஏசுபாதத்தின் லைனுக்கு வந்தேன்.

நீலமேகம், போகிறேன். நிச்சயமாகப் போகிறீர்களா என்று ஒரு கட்டம் குதித்தது, கை தவறி அமுக்கிவிடக் கூடாதே என்று வைத்தது, ஆம் என்று அமுக்கினேன், சிவப்பாயிற்று. "வந்துடுச்சு மேடம், நீலமேகம் செவப்பு" என்றார் ஏசுபாதம். தனகோடி, போகிறேன், நிச்சயமாகப் போகிறீர்களா, ஆம். மணி, போகிறேன், ஆம். அருணகிரி, போகிறேன், ஆம். விரல் தானாக ஓடியது, பத்து வருஷமாகப் பட்டன் அமுக்கிச் சம்பாதிக்கிற விரல், கடப்பாக்கம் ஒவ்வொன்றாகச் சிவந்துகொண்டு வந்தது, வேலை என்றால் இதுதான் வேலை, இத்தனை நாள் செய்ததில் இதுதான் உருப்படியான வேலை என்றுகூடத் தோன்றியது. சிவப்பு இருந்தால் தேடுவார்கள், தேடினால் கூட்டிக்கொண்டு வருவார்கள், நல்லதுக்குத்தான் அமுக்குகிறேன். தீனா. போகிறேன். நிச்சயமாகப் போகிறீர்களா?

விரல் நின்றுவிட்டது. நெட் போய்விட்டதோ என்று பார்த்தேன், நெட் இருக்கிறது. லேப்டாப் நன்றாகத்தான் இருக்கிறது. கைதான் வரவில்லை. இது வெறும் பட்டன் சங்கரி, நீ படித்தவள், அமுக்கினால்தான் அவனைத் தேடுவார்கள், அமுக்காவிட்டால்தான் ஆபத்து, எல்லாம் தெரிகிறது, தெளிவாகத் தெரிகிறது, ஆனால் என் தம்பி பெயருக்கு நேரே, இந்தக் காற்றில், நானே, என் கையாலேயே, ஆம் நிச்சயமாகப் போகிறான் என்று... கிளம்பிவிட்டான் என்று ஷீலா முதலில் சொன்னதே தீனாவைத்தானே, அவனைத் தேடித்தானே திரையையே திறந்தேன், எப்படிக் கடைசிக்குப் போனான்? யார் தள்ளினார்கள்? நீலமேகம் மாமாவுக்கு நான் இப்படி நிற்கவில்லையே, மீனாட்சி அக்காவிடம் இப்போதுதான் ஒன்றும் இல்லக்கா என்று சொல்லிவிட்டு அவர் புருஷன் பெயரில் ஆம் அமுக்கினேன், தனகோடி வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது என்று தெரிந்தும் அமுக்கினேன், ஒருத்தர் பெயரிலும் விரல் கூசவில்லை, ஒரு நொடிகூட இல்லை... பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறுகிறது, நான் விரலைத் தூக்கிப் பிடித்துக்கொள்கிறேன், தவறிப்போய்ப் பட்டுவிடக் கூடாது என்றா, பட்டுவிட்டால் நன்றாக இருக்கும் என்றா, தெரியவில்லை, காதில் ஏசுபாதம் மறுபடியும் கேட்கிறார், "அவ்ளோதானா மேடம், வேற போட்டு எதுவும் இல்லியே?"